அக்கா வீட்டு டிவிக்கு மாப்பிள்ளை பார்த்த கதை

1

இந்தக் கோடை விடுமுறையில் பதினோரு நாட்கள் என் மகள் என்னை ஒரு கொடியவன் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். மதுரைக்குக் கூட்டிப்போய், பதினாறு வயதில் அவளுக்கு ரகசியமாகக் கல்யாணம் பேசி முடிக்கப் போகிறேன் என்று நம்பினாள். அந்தப் பதினோரு நாளும் நான் உண்மையில் பேசிக்கொண்டிருந்தது ஒரு டிவி பெட்டியைப் பற்றி. இணையத்தில் வருகிற படத்தையும் பாட்டையும் வீட்டு டிவியில் காட்டுமே, உள்ளங்கை அகலத்தில் ஒன்று, அதைப் பற்றி.

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். தல்லாகுளத்தில் எங்கள் தெரு சிரித்து முடித்துவிட்டது. என் கவலை வேறு. பெற்ற பிள்ளை, பதினாறு வருடம் ஒரே வீட்டில் ஒரே மேசையில் சாப்பிட்ட பிள்ளை, என்னைப் பற்றி அப்படி நம்பினாளே, அது எப்படி? அந்தக் கேள்விதான் இதை எழுத உட்கார வைத்தது.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். நான் ஜெபராஜ். ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு சிற்றூரில், இயந்திர உதிரிப்பாகங்களுக்கு அளவு பார்க்கும் வேலை. வந்து இருபத்தொரு வருடம் ஆகிறது. மனைவி ஸ்டெல்லா இங்கே முதியோர் இல்லத்தில் நர்ஸ். இந்த முறை அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் மகள் லியாவும் மட்டும் மதுரைக்குப் போனோம். தங்கியது தல்லாகுளத்தில் என் அக்கா எஸ்தர் வீட்டில். அக்கா மிஷன் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இன்னும் ஒருவன் இருக்கிறான், பாண்டி. பள்ளிக்கூடத்திலிருந்தே என் சிநேகிதன். அவன் வீட்டாருக்குச் சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால். இவன் மட்டும் அதில் கால் வைக்காமல் முதலில் கேபிள் இழுத்தான், இப்போது தல்லாகுளத்தில் டிவி கடை வைத்திருக்கிறான். அவன் என்னை மாப்ள என்பான், நான் அவனை மாப்ள என்பேன். இதில் யாரும் யாருக்கும் பெண் கொடுக்கவில்லை என்பது மதுரைக்காரர்களுக்குச் சொல்லாமலே தெரியும்.

2

அக்காவுக்கு அறுபது வயது நிறைகிறது. என்ன கொடுப்பது? சேலை என்றால், "இருக்குறதே மடிப்புக் கலையாம கெடக்கு" என்பார். தங்கம் என்றால் அடுத்த ஞாயிறே காணிக்கைப் பையில் விழுந்துவிடும். பாண்டிதான் போனில் யோசனை சொன்னான்.

"மாப்ள, அக்கா டிவிக்கு ஒரு பொட்டி மாட்டி விட்ருவோம்டா. ஆராதனையும் பாக்கலாம், பழைய படமும் பாக்கலாம். லியா மொகத்த அம்மாம் பெருசா டிவியிலேயே பாத்துப் பேசலாம். ரிமோட்ட வாய்கிட்ட வச்சுப் பேசுனாப் போதும், பட்டனத் தேட வேணாம்."

இருவருக்கும் யோசனை பிடித்துப்போனது. பிறந்தநாள் வரைக்கும் அக்காவுக்குத் தெரியக்கூடாது என்று முடிவு செய்தோம்.

பாண்டியின் கடையில் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று அமெரிக்கக் கம்பெனியுடையது, இன்னொன்று சீனக் கம்பெனியுடையது. மதுரைக்குப் போன மறுவாரம், ஒரு திங்கட்கிழமை, இரண்டையும் மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்தேன். பாண்டி அன்று சோழவந்தான் போயிருந்ததால் கடையில் வேலை பார்க்கும் பெண்தான் எடுத்துக் கொடுத்தது. ஒரு பெட்டியிடம் "சத்தத்தக் கொறை" என்றேன். அது ஒரு குத்துப்பாட்டை எடுத்துப் போட்டது. இன்னொன்றிடம் அதையே சொன்னேன். மரியாதையாகக் குறைத்துக்கொண்டது. ஆனால் கொஞ்ச நேரத்தில் தொட்டுப் பார்த்தால் தோசைக்கல்.

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மதுரைப் பக்கம் எந்த மிஷினும் 'அது' கிடையாது. மோட்டார் தண்ணி இழுக்காவிட்டால், "இழுக்க மாட்டேங்குறான்". பைக் கிளம்பாவிட்டால், "காலையில எந்திரிக்கவே மாட்டேங்குறான், சோம்பேறிப் பய". பழுது பார்க்கும் கடைக்குப் போனால் உள்ளே ஆஸ்பத்திரி வார்டு போலத்தான் பேச்சு நடக்கும். பாண்டி முப்பது வருடமாக அப்படித்தான் பேசுகிறான். மதுரை மண்ணை மிதித்த மறுநிமிடம் எனக்கும் வாய் அப்படியே திரும்பிவிடுகிறது.

கடையிலிருந்து வந்ததும் அக்கா காதில் விழாமல் மொட்டை மாடிக்குப் போய் பாண்டிக்குப் போன் போட்டேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் லியா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. அவள் காதில் விழுந்தது என் குரல் மட்டும்தான். விழுந்தது இதுதான்:

"மாப்ள! ரெண்டு பேரையும் நல்லாப் பாத்துட்டேன். அமெரிக்காக்காரன் ஆளு லட்சணமா இருக்கான், நிதானமானவன். ஆனா நம்ம தமிழு அவனுக்குச் சுத்தமா வெளங்கல. சீனாக்காரன் சின்னப் பயதான், ஆனா சூட்டிக. சொன்ன பேச்சக் கேக்குறான். என்ன, ஒரு மணி நேரம் போச்சுன்னா சூடாயிர்றான்."

பிறகு, "அதான் கேக்குறேன். புடிக்கலன்னா பத்து நாளுக்குள்ள திருப்பி அனுப்பிரலாம்ல?"

பிறகு, "லியாகிட்ட மூச்சு விடல. தெரிஞ்சா அக்காகிட்ட உளறிருவா, அம்புட்டும் கெட்டுப்போகும். ஸ்டெல்லாகிட்ட மட்டும் சொல்லிருக்கேன். அடுத்த சனிக்கெழம விசேசத்தோட விசேசமா முடிச்சிருவோம்."

நீங்களே சொல்லுங்கள். நீதிமன்றத்தில் இதை வாசித்தால் எனக்கு ஜாமீன் கிடைக்குமா?

3

லியாவின் தமிழைப் பற்றிச் சொன்னால்தான் இது முழுதாக விளங்கும். அவளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தது நானல்ல. ஜெர்மனியில் எங்கள் ஊரில் சனிக்கிழமைதோறும் ஒரு தமிழ் வகுப்பு உண்டு. நடத்துவது யாழ்ப்பாணத்து ஆசிரியை ஒருவர், தங்கமான மனுஷி. அதனால் என் மகள் "ஓம்" என்பாள், "விளங்கேல்ல" என்பாள், என்னை "வாங்கோ, இருங்கோ" என்பாள். முதல் நாள் அதைக் கேட்ட அக்கா, "யார்டா இது, ராமேஸ்வரத்துக்கு அங்கிட்டுப் பொறந்த பிள்ள மாதிரி பேசுது!" என்று வாய்விட்டுச் சிரித்தார்.

அந்த வகுப்பில் லியாவுக்கு ரொம்பப் பிடித்தது உயர்திணை, அஃறிணை. ஜெர்மன் மொழியில் மேசை 'அவன்', விளக்கு 'அவள்', சின்னப் பெண்ணோ 'அது'. ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, மனப்பாடம் செய்ய வேண்டியதுதான். தமிழில் மனிதரென்றால் அவன், அவள், பொருளென்றால் அது. "எவ்வளவு நீதியான மொழி அப்பா" என்று பத்து வயதில் சொன்னாள். அவள் அந்த விதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஆகவே அவள் அப்பா 'அமெரிக்காக்காரன், சீனாக்காரன்' என்று இரண்டு 'அவன்'களைப் பற்றிப் பேசினால், அவர்கள் ஆம்பிளைகள். சந்தேகமே கிடையாது. மாப்பிள்ளை என்ற சொல்லும் வகுப்புப் புத்தகத்தில் இருந்தது, பக்கத்தில் மாலை போட்ட ஒருவர் படத்தோடு.

தமிழைச் சரியாகப் படித்ததால் வந்த வினை இது. அரைகுறையாகப் படித்திருந்தால் தப்பித்திருப்போம்.

ஜெர்மன் மொழியின் அந்த 'அவன், அவள், அது' சண்டையில் இருபத்தொரு வருடமாகத் தோற்றுக்கொண்டிருப்பவன் நான். லியாவுக்கு நாலு வயதிருக்கும். ரொட்டிக் கடையில் நான் எதையோ கேட்க, அவள் என் சட்டையை இழுத்து, "டெர் இல்லை அப்பா, டாஸ்" என்று திருத்தினாள்; ரொட்டி 'அவன்' இல்லையாம், 'அது'வாம். கடைக்காரம்மா அன்பாகத்தான் சிரித்தார். ஆனாலும் அன்றிலிருந்து அந்தக் கடையில் விரலை நீட்டித்தான் ரொட்டி வாங்குகிறேன். பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில் தலையாட்டுவேன். அலுவலகங்களில் படிவத்தை நீட்டிவிட்டுப் புன்னகைப்பேன். வீட்டில் லியா ஜெர்மனில் கேட்பாள், நான் இரண்டு சொல்லில் பதில் சொல்வேன். பாண்டியோடு பேசுவதானால் வேலை முடிந்து, வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பேசுவேன். கீழ் வீட்டுக்காரருக்குச் சத்தம் ஆகாது.

4

இனி நடந்ததெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. உங்களுக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், சிரிக்க வசதியாக இருக்கும்.

ஜெர்மனியில் கோடை விடுமுறைக்கு முன் லியாவின் பள்ளியில் ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். விடுமுறைக்கு வெளிநாடு போகிற இடத்தில் விருப்பமில்லாமல் கல்யாணம் பேசினால் என்ன செய்ய வேண்டும் என்று. அப்படிப்பட்ட தாள் தேவைப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள், நான் குறை சொல்ல மாட்டேன். அதில் இரண்டு விஷயம் எழுதியிருந்ததாம். உங்கள் பாஸ்போர்ட் பத்திரம். நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள்.

லியா முதலில் தன் அம்மாவைப் போனில் கூப்பிட்டு, "அப்பா என்னட்ட ஏதோ மறைக்கிறார், உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டிருக்கிறாள். ஸ்டெல்லா சிரித்துக்கொண்டே, "தெரியும். அப்பாவே சொல்லுவாங்க. நீ ரொம்ப சந்தோசப்படுவ" என்றிருக்கிறாள். போச்சு. அம்மாவும் கூட்டு.

மறுநாள் அத்தையிடம் போய் அழுதிருக்கிறாள். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அமெரிக்காக்காரனாவது சரி. சீனாவுக்கா குடுக்கப் போறான் பிள்ளைய?" என்றாராம். நான் அக்காவைக் கண்டதும் போனை அணைக்கிறேன், மாடிக்கு ஓடுகிறேன், கேட்டால் மழுப்புகிறேன். கூட்டிக் கழித்துப் பார்த்து அக்காவும் நம்பிவிட்டார். லியாவின் பாஸ்போர்ட்டை வாங்கித் தன் பைபிளின் தோல் உறைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடிவிட்டார்.

அதன்பிறகு என் மகள் எதைச் செய்தாலும் கோணலாகச் செய்தாள். காபி போடச் சொன்னால் உப்பைப் போட்டாள். தலை சீவ மாட்டேன் என்றாள். கீழக்குயில்குடிக்குப் போய் சமணர் மலை ஏறிப் பார்ப்போம் வா என்றால், "அங்க ஆர் வருவினம்?" என்று முறைத்தாள்.

"யாரும் வர மாட்டாங்க. நாம ரெண்டு பேருதான். பாண்டி மாமா வந்தாலும் வருவாரு."

"அவர் ஆரையும் கூட்டிக்கொண்டு வருவாரோ?"

வந்தாள். இருப்பதிலேயே கிழிந்த டிஷர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். பாண்டிக்கு அன்று கடையில் சோலி, வரவில்லை. தாமரைக்குளத்துப் படியில் யாரோ இரண்டு இளைஞர்கள் பாவம் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தார்கள். இவள் பார்த்த பார்வையில் பொட்டலத்தைச் சுருட்டிக்கொண்டு ஆலமரத்தடிக்குப் போய்விட்டார்கள். வெயிலின் கோபம் என்று நினைத்து நான் அவளுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை விமானக் கம்பெனியிலிருந்து பாஸ்போர்ட் விவரம் கேட்டு மின்னஞ்சல் வந்தது. லியாவின் பாஸ்போர்ட்டைத் தேடினேன். காணோம். பெட்டியைக் கொட்டினேன், பீரோவைக் கவிழ்த்தேன், அரிசி டிரம்முக்குள் கைவிட்டுத் துழாவினேன். லியா, "எனக்குத் தெரியாது" என்றாள். அக்கா, "தேடு, தேடு, நல்லாத் தேடு" என்றார்.

காவல் நிலையத்துக்குப் புகார் எழுதப் போனேன்.

"எங்க வச்சுத் தொலைஞ்சுச்சு?" என்றார் அங்கிருந்தவர்.

"அது தெரியல சார்."

"எடம் போடாம எப்படி எழுதுறது? ஒரு எடம் சொல்லுங்க."

"எடம் தெரிஞ்சா நானே போய் எடுத்துருப்பேனே சார்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வெளிநாடா?" என்றார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, வீட்டில் இன்னொரு தரம் தேடிவிட்டு வரச் சொன்னார். ஜெர்மனியிலும் இதே கேள்விதான் இருக்கும், படிவத்தில் ஏழாவது கட்டத்தில் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் அக்கா பக்கத்தில் முழங்காலிட்டு, "ஆண்டவரே, பிள்ளை பாஸ்போர்ட்டைக் காட்டித் தாரும்" என்று கண்ணை மூடி உருகினேன். அது அக்காவின் அக்குளில், என் முழங்கையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அக்கா கணீரென்று "ஆமென்" என்றார்.

5

பிறந்தநாளுக்கு முந்தின வெள்ளிக்கிழமை. சாயங்காலம் ஐந்து மணிக்கு அக்காவுக்கு ஆலயத்தில் பெண்கள் ஐக்கியக் கூட்டம். அவர் போனதும் பாண்டி இரண்டு பெட்டிகளையும் கொண்டுவந்து வீட்டு டிவியிலேயே மாட்டிப் பார்த்து, ஒன்றை முடிவு செய்வதாக ஏற்பாடு. நான் முகத்தில் சோப்போடு நின்றபோது போன் அடித்தது. அக்கா கிளம்பிவிட்டார் என்று நினைத்து ஸ்பீக்கரில் போட்டேன். பாண்டிக்கு இயல்பாகவே தெருவுக்கே கேட்கும் குரல்.

"மாப்ள, ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு வாரேன்! வீட்டுலயே ஒக்கார வச்சுப் பாத்து, இன்னைக்கே ஒருத்தன முடிச்சிருவோம்!"

நான் முகம் கழுவிவிட்டு வந்தபோது லியாவின் அறை உள்ளே தாழிட்டிருந்தது. அக்கா கூட்டத்துக்குப் போகவில்லை. வாசல் கேட்டில் நின்றார். ஒரு கையில் பைபிள், ஒரு கையில் குடை. பாண்டியின் பைக் வந்து நின்றது. பின்னால் யாரும் இல்லை. பெட்ரோல் டேங்க் மேல் ஒரு துணிப்பை மட்டும்.

"எங்கடா அவனுக?" என்றார் அக்கா.

"எவனுகக்கா?"

"தெரியாதாக்கும். அமெரிக்காக்காரனும் சீனாக்காரனும்."

பாண்டிக்கு முகம் தொங்கிப்போனது. ரகசியம் வெளிப்பட்டுவிட்டது என்று நினைத்தான். "தெரிஞ்சுபோச்சா? சர்ப்ரைஸா செய்யணும்னு மாப்ள அம்புட்டு ஆசப்பட்டானேக்கா."

"ஆசப்பட்டானா? பச்சப் பிள்ளைக்குப் பண்ற காரியமாடா இது?"

"பிள்ளைக்கு இல்லக்கா," என்றான் பாண்டி அப்பாவியாக. "உங்களுக்குத்தான்."

அக்கா குடை நுனியால் தன்னையே காட்டினார். "எனக்கா?"

"ஆமாக்கா. அறுபது வயசுல தனியா இருக்கீக. பேச்சுத் துணைக்கு ஆச்சுல்ல."

"ரெண்டு பேராடா?"

"ரெண்டும் எதுக்குக்கா? புடிச்ச ஒருத்தன வச்சுக்கங்க. இன்னொருத்தன நான் திருப்பிக் கொண்டு போயிர்றேன்."

குடை பாண்டியின் தோளில் இறங்கியது. "அய்யோ அக்கா!" என்று அவன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடி வந்தான். அவன் கவலை பெட்டி உடைந்துவிடக் கூடாதே என்பது. நான் துண்டும் கையுமாக ஓடி, அக்காவுக்கும் அவனுக்கும் நடுவில் நின்றேன். எதிர்வீட்டு அம்மாள் சீரியலை விட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

பாண்டி பையைத் திறந்து இரண்டு அட்டைப்பெட்டிகளை மேசை மேல் வைத்தான். "இந்தாருக்கான் அமெரிக்காக்காரன். இந்தாருக்கான் சீனாக்காரன்."

அக்கா பார்த்தார். நான் பார்த்தேன். அறைக் கதவு ஒரு விரற்கடை திறந்து, அதில் லியாவின் ஒரு கண் தெரிந்தது.

"டிவிக்கு மாட்டுறதாடா?" என்றார் அக்கா மெதுவாக. குடையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்து, முந்தானையால் துடைத்து, மறுபடி அட்டைப்பெட்டியைப் பார்த்து மறுபடி சிரித்தார். லியா வெளியே வந்து, பெட்டியில் அச்சடித்திருந்ததை இரண்டு தரம் வாசித்துவிட்டு, அத்தை மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு விஷயம் ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

வந்தது வந்தாயிற்று, பார்த்துவிடுவோம் என்று பாண்டி இரண்டையும் மாட்டினான். அக்கா அமெரிக்காக்காரனிடம், "தம்பி, சபைல பாடுவாகள்ல, அது மாதிரி ஒண்ணு போடு" என்றார். அவன் துபாயில் இன்று வெயில் எவ்வளவு என்று சொன்னான்.

"இவன் வேணாம்," என்றார் அக்கா. "பேசுறது வெளங்காதவனோட எப்படிக் காலந்தள்ளுறது?"

சீனாக்காரன் முதல் சொல்லிலேயே பாட்டை எடுத்தான். "சூடாயிருவான்க்கா" என்று பாண்டி எச்சரித்தான். "ஆனா ஆகட்டும். நானுந்தான் சூடாவேன்" என்றார் அக்கா. அத்தோடு மாப்பிள்ளை முடிவானது.

6

அக்கா பைபிள் உறையின் ஜிப்பைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்தார். என் நீட்டிய கையைத் தாண்டி லியாவிடம் கொடுத்தார். அதைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. அதுவரை சிரித்தவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அவ சின்னப் பிள்ள, தெரியாது. நீயுமாக்கா நம்புன? என்னைத் தூக்கி வளத்தவ நீ."

அக்கா சத்தம் போடவில்லை. "எனக்கு அப்பா பேசி முடிச்சது ஞாபகம் இருக்கா? வேலைக்குச் சேந்த புதுசு. நான் பள்ளிக்கூடம் விட்டு வாரேன், கூடத்துல மாப்பிள்ள வீட்டாளுக தட்டோட ஒக்காந்திருக்காக. கொல்லப் பக்கமா எறங்கி ஹாஸ்டல்ல போய் நாலு நாள் கெடந்தேன். ஒனக்கு ஒரு வாரம் முன்னாடியே தெரியும்ல? ப்ளஸ் டூ படிச்ச. ஒரு வார்த்த சொன்னியாடா?"

அக்காவிடம் சொல்லாதே என்று அப்பா சொன்னார், சொல்லவில்லை. அதைக் குற்றமென்று அன்றும் நினைக்கவில்லை, அதன்பிறகும் நினைக்கவில்லை. அக்கா இப்படிக் கேட்டபோதுதான் முதல் தடவையாக வெட்கமாக இருந்தது.

"பழசுக்குச் சண்ட போடலடா" என்றார் அக்கா. "பிள்ள வந்து அழுதா. யாரோ ஒருத்தர் அவ பக்கம் நிக்கட்டும்னு நின்னேன். அம்புட்டுதான். போ, போய் அவகிட்ட பேசு."

லியா மொட்டை மாடியில் இருந்தாள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை; அவளோடு தனியாக உட்கார்ந்து பேசியே எத்தனையோ நாளாயிற்று என்பது அப்போதுதான் உறைத்தது.

"அப்பா அப்படிச் செய்வேன்னு எப்படிம்மா நினைச்ச?" என்றேன்.

"ஜெர்மனியில இருக்கிற அப்பா அப்பிடிச் செய்யமாட்டார். எனக்குத் தெரியும். அவர் ஒண்டுமே செய்யமாட்டார். தலையாட்டுவார், போய் இருப்பார். ஆனா இங்க வந்தவுடன நீங்கள் வேற ஆள். சத்தமாக் கதைக்கிறீங்கள். ரோட்டில நிண்டு சிரிக்கிறீங்கள். ஆக்களின்ர தோளில கை போடுறீங்கள். நான் அப்பிடி ஒரு ஆளை முதல் பாத்ததே இல்ல. தெரியாத ஆள் என்ன செய்வார் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

பிள்ளை நம்மை விட்டு விலகிப் போகிறது என்று வெளிநாட்டில் இருக்கிற நாங்கள் கூடிக் கூடிப் புலம்புவோம். மொழி போயிற்று, பழக்கம் போயிற்று என்போம். என் பிள்ளை எங்கேயும் போகவில்லை. தமிழைத் திணை பால் பிசகாமல் படித்துக்கொண்டு வீட்டிலேயேதான் இருந்தாள். நான்தான் என்னை மதுரையில் விட்டுவிட்டு, தலையாட்டுகிற ஒருவனை அவளுக்கு அப்பாவாக அனுப்பி வைத்திருக்கிறேன்.

"அந்தத் தெரியாத ஆள் பயமா இருக்காரா?" என்றேன்.

"இல்ல. நல்ல பகிடியான ஆள், சிரிப்பு வருது" என்றாள். "அவரையும் எங்களோட ஃபிளைட்டில ஏத்துவமோ?"

7

ஜெர்மனிக்குத் திரும்பி வந்து இரண்டு மாதம் ஆகிறது. வண்டிக்குள் உட்கார்ந்து பாண்டியோடு பேசுவதை விட்டுவிட்டேன். கூடத்தில், டிவிக்கு முன்னால் உட்கார்ந்து பேசுகிறேன். அக்கா டிவியில் வருகிறார், பாண்டி அவர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கிறான், சீனாக்காரன் இன்னும் சூடாகிறான். லியா நடுவில் புகுந்து, "ஏன் மாமா அவன் எண்டு சொல்லுறீங்கள், அது எண்டுதானே சொல்லோணும்?" என்று பாண்டியிடம் சண்டை பிடிக்கிறாள். "அவன் மனசு கஷ்டப்படும்ல தாயி" என்கிறான் அவன். ரொட்டிக் கடையில் வாயைத் திறந்து கேட்கிறேன். தப்பாகத்தான் கேட்கிறேன். லியா திருத்துகிறாள், நான் இன்னும் சத்தமாகத் தப்பாகச் சொல்கிறேன், ரொட்டி எப்படியும் கிடைத்துவிடுகிறது.

போன வாரம் கதவிடுக்கில் ஒரு கடிதம் கிடந்தது. கீழ் வீட்டுக்காரர் எழுதியது. நல்ல மனிதர், நல்ல கையெழுத்து. விடுமுறைக்குப் பிறகு உங்கள் வீட்டில் ஓர் ஆணின் குரலும் பலத்த சிரிப்பும் கேட்கின்றன, விருந்தினர் யாரும் வந்து தங்கியிருக்கிறாரா, எவ்வளவு நாள் இருப்பார் என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்.

இருபத்தொரு வருடப் பழக்கம் லேசில் போகுமா? கீழே போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சட்டையை மாட்டினேன். லியா கடிதத்தை என் கையிலிருந்து வாங்கினாள். உட்காருங்கோ என்றாள். அதன் அடியிலேயே பதில் எழுதி, நாலு மணிக்குக் கொண்டுபோய் அவர் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள். போடுவதற்கு முன் எனக்கு வாசித்துக் காட்டினாள்.

"ஒன்பது மணிக்குமேல் சத்தம் இல்லாமல் பார்த்துக்கொள்கிறோம். ஆனால் அவர் விருந்தினர் இல்லை, என் அப்பா. இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறார். இனி இங்கேதான் இருப்பார்."